வாங்கும் நாளும் எடுக்கும் நாளும்: காவிரிப் படுகையில் சிறுநீரியல் கருவிச் சந்தை

பொருளும் எல்லையும்

சிறுநீரகத்தில் தொடங்கிச் சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை, சிறுநீர்ப் புறவழி என்று நீளும் பாதையில் உண்டாகும் கல், அடைப்பு, கட்டி, கசிவு, காயம் ஆகியவற்றையும், ஆண்களுக்குரிய புராஸ்டேட் முதலிய சுரப்பிகளின் நோய்களையும் பெரும்பாலும் அறுவை வழியில் கவனிக்கும் மருத்துவத் துறைக்குச் சிறுநீரியல் என்று பெயர். சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றல் குன்றுவதை மருந்தாலும் டயாலிசிஸாலும் எதிர்கொள்ளும் சிறுநீரகவியல் இதனின்று வேறானது. பேச்சுவழக்கில் இரு துறையினரும் ‘கிட்னி டாக்டர்’ என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றனர் என்றாலும், அவர்கள் கையாளும் கருவிகளும், அக்கருவிகளுக்குப் பின்னால் இயங்கும் சந்தையும் வெவ்வேறு. முதல் துறையின் கருவிகளே இச்சொற்பொழிவின் பொருள்.

அக்கருவிகளை அவை செய்யும் வேலையைக் கொண்டு நான்காகப் பகுக்கலாம். பார்ப்பதற்கு ஆனவை முதல் வகை: அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன், சிறுநீர்ப் பாதைக்குள்ளேயே நுழைந்து காணும் உள்நோக்கிகள் ஆகியன இதில் அடங்கும். உடைக்கவும் அறுக்கவும் ஆனவை இரண்டாம் வகை: அதிர்வலைப் பொறி, லேசர், வீங்கிய புராஸ்டேட்டைச் சீவி எடுக்கும் மின்கம்பி வளையம் போன்றவை. வடிப்பதற்கு ஆனவை மூன்றாம் வகை: சிறுநீர்ப்பைக்குள் வைக்கும் வடிகுழாய், சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே வைக்கும் ஸ்டென்ட், முதுகுப்புறத்திலிருந்து நேரே சிறுநீரகத்துக்குள் செலுத்தும் குழாய் ஆகியன. செயற்கைச் சுருக்குத்தசை போல உடலிலேயே நிலைத்துத் தங்குபவை நான்காம் வகை. விலை மிகுதியால் பெரும்பாலோர்க்கு எட்டாத இவ்வகை இங்கே விரித்துரைக்கப்படவில்லை.

கருவிச் சந்தையைப் பற்றிய அறிக்கைகள் அதனை விற்பனைத் தொகையால் அளக்கின்றன. எத்தனை கோடிக்கு எத்தனை கருவிகள் விற்றன என்பதே அவற்றின் கணக்கு. ஆனால் சிறுநீரியல் கருவிகளில் பெரும்பாலானவை குறித்த நாளில் உடலிலிருந்து எடுக்கப்பட வேண்டியவையாகவோ, ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் கழுவிக் கிருமி நீக்கிச் சீர்செய்யப்பட வேண்டியவையாகவோ இருப்பதால், அவற்றின் விலை வாங்கும் நாளில் முடிந்துவிடுவதில்லை. எடுக்கும் நாள்வரை, பழுதுபார்க்கும் நாள்வரை அது நீள்கிறது. அந்த நீட்சிக்கு ஆளும் பணமும் ஒதுக்காத கொள்முதல், எவ்வளவு குறைந்த விலைக்கு வாங்கினாலும் கடைசியில் மிகுந்த செலவிலேயே கொண்டுபோய் விடும் என்பதைத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் அடங்கிய நெல் விளையும் படுகையை முன்னிறுத்திக் காட்டுவது இச்சொற்பொழிவின் நோக்கம்.

கல்லை எடுத்த கருவிகளின் வரலாறு

மனிதன் கத்திகொண்டு உடலுக்குள் தேடிய மிகப் பழைய பொருள்களுள் ஒன்று சிறுநீர்ப்பைக் கல். சுசுருத சம்ஹிதை அதனை ‘அஸ்மரி’ என்று குறித்து, ஆசனவாய்க்கு முன்புறத்தில் கீறிக் கொக்கி போன்ற கருவியால் கல்லை வெளியே எடுக்கும் முறையை விவரிப்பதோடு, முடிவு உறுதியற்ற சிகிச்சை என்பதால் அதிபதியின் இசைவைப் பெற்றே தொடங்க வேண்டும் என்றும் கூறுகிறது. சித்த மருத்துவம் ‘கல்லடைப்பு’, ‘நீரடைப்பு’ என்று நோயை வகுத்து, நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை முதலிய மூலிகைகளால் சிறுநீரைப் பெருக்கும் வழியை வளர்த்தது. படுகை முழுவதும் இன்றும் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் வாழைத்தண்டுச் சாறு அந்த வழியின் எச்சமே. ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய கற்களில் பெரும்பாலானவை சிகிச்சை இல்லாமலே சிறுநீரோடு வெளியேறிவிடுகின்றன என்பது இன்றைய மருத்துவம் கண்ட உண்மை. தானே வெளியேறப்போகும் கல்லுக்கு வாழைத்தண்டும் பெயர் வாங்கலாம், தேவையில்லாமல் செய்த லேசர் சிகிச்சையும் பெயர் வாங்கலாம் என்பதனைப் பின்னர் சந்தையைப் பற்றிப் பேசும்போது நினைவில் கொள்வது நல்லது.

ஐரோப்பிய அறுவைக் கருவிகள் தஞ்சாவூருக்குப் புதியன அல்ல. இரண்டாம் சரபோஜி மன்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மேனாட்டு மருத்துவ நூல்களையும் கருவிகளையும் தருவித்துத் தன்வந்திரி மகாலில் மருத்துவ ஆராய்ச்சியை நடத்தினார். அங்கே கண்நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றிய குறிப்பேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. கருவியை வரவழைத்ததோடு நில்லாமல், அதனால் நோயாளிக்கு நேர்ந்தது என்ன என்பதையும் எழுதிவைத்த வழக்கம் அங்கே இருந்தது என்பது இங்கே கருதத்தக்கது.

இன்றைய சிறுநீரியலின் கருவிகள் பெரும்பாலும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் உருவானவை. 1870களின் பிற்பகுதியில் மாக்ஸ் நிட்சே உருவாக்கிய சிறுநீர்ப்பை உள்நோக்கி, சிறுநீர்ப்பையின் உட்புறத்தைக் கண்ணால் காண வைத்தது. 1930களில் அமெரிக்காவின் பிரெடெரிக் ஃபோலி, நுனியில் ஊதி விரியும் பலூன் கொண்ட வடிகுழாயை வடிவமைத்தார். காப்புரிமை வழக்கில் வேறொருவருக்குச் சென்றுவிட்டபோதிலும், குழாய் இன்றளவும் ஃபோலியின் பெயராலேயே வழங்குகிறது. 1976இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஃபெர்ன்ஸ்ட்ரோம், யோஹான்சன் இருவரும் முதுகில் சிறு துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை எடுக்கும் முறையை வெளியிட்டனர்.

பெரிய திருப்பம் 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் நிகழ்ந்தது. விமான உற்பத்தி நிறுவனமான டோர்னியர், ஒலியினும் விரைந்து பறக்கும் விமானத்தின் மீது மழைத்துளி மோதும்போது தோன்றும் அதிர்வலையை ஆராய்ந்துவந்தது; அந்த அறிவைக் கொண்டு, உடலைக் கீறாமலே வெளியிலிருந்து செலுத்தும் அதிர்வலையால் கல்லைப் பொடியாக்கும் பொறியைக் கிறிஸ்டியன் ஷாவ்சி முதலிய மருத்துவர்களோடு சேர்ந்து உருவாக்கியது. நோயாளியை நீர் நிறைந்த தொட்டியில் கிடத்தி, நீருக்கடியில் மின்பொறியை வெடிக்கச் செய்து, நீள்வட்ட வடிவக் கிண்ணம் ஒன்றால் அலைகளைக் கல்லின் மீது குவிப்பதே அதன் செயல்முறை. கருவி மிக விலை உயர்ந்தது. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக வாங்க வேண்டிய பொருள்கள் மிகச் சில.

அடுத்து வந்த லேசர் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. 2100 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஹோல்மியம் லேசரும், அண்மையில் பரவிவரும் 1940 நானோமீட்டர் அலைநீளமுள்ள தூலியம் இழை லேசரும், மெல்லிய கண்ணாடி இழை வழியாகச் சிறுநீர்க்குழாய்க்குள்ளேயே சென்று கல்லை உடைக்கின்றன. பொறியின் விலை முன்னைவிடக் குறைந்தது என்றாலும், வழிகாட்டிக் கம்பி, நுழைவுறை, லேசர் இழை, கல் துணுக்கைப் பிடிக்கும் கூடை, முடிவில் வைக்கும் ஸ்டென்ட் என ஒவ்வொரு அறுவைக்கும் ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டிய பொருள்களின் வரிசை நீண்டது. 2016இல் அமெரிக்காவின் பாஸ்டன் சயன்டிஃபிக் நிறுவனம், வளையும் உள்நோக்கியையே ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பொருளாகச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது இந்தப் போக்கு முழுமையடைந்தது. மருத்துவமனை ஒருமுறை செய்துவந்த முதலீடு, இவ்வாறு நோயாளிதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவாக மாறியது.

படுகையின் நோய்ச் சூழல்

கல் உண்டாவதற்கு முதற்காரணம் சிறுநீர் அடர்ந்துபோவது. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு நீர் பருகுவது, கல் வந்தவர்க்கு உலகெங்கும் சொல்லப்படும் முதல் அறிவுரை. வயலில் வேலை செய்பவர்க்கு அந்த அறிவுரையைக் கடைப்பிடிப்பது எளிதன்று. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்பட்டுக் குறுவைக்கு நாற்று விடும் காலம், அக்கினி நட்சத்திர வெயில் தணிந்தும் தணியாத காலம். சேற்றில் குனிந்து நடவு செய்யும் பெண்கள், வரப்பருகே கழிப்பிடம் இல்லாமையால் சிறுநீரை அடக்குவதும், அடக்க வேண்டியிராமல் இருக்கத் தண்ணீர் குடிப்பதையே குறைப்பதும் படுகையறிந்த செய்தி. குறைந்த நீரும் அடக்கிய சிறுநீரும் சேர்ந்து கல்லுக்கும் தொற்றுக்கும் வழிவகுக்கின்றன. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீர்தான் கல்லுக்குக் காரணம் என்ற நம்பிக்கை ஊர்தோறும் உண்டு. நீரின் கடினத்தன்மையைக் காட்டிலும் குடிக்கும் நீரின் அளவே முதன்மையானது என்பது மருத்துவ ஆய்வுகள் பொதுவாக உணர்த்தும் முடிவு.

இரண்டாவது காரணி முதுமை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காட்டினர், இது நாட்டின் சராசரியைவிட மிகுதி. பிள்ளைகள் வளைகுடாவுக்கோ சென்னைக்கோ திருப்பூருக்கோ பிழைக்கப் போய்விட, ஊரில் தங்கிவிட்ட முதியவர்களிடம் புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவதும், ஒருநாள் அடியோடு நின்றுபோவதும் அடிக்கடி காணும் நிலை. நீரிழிவு சிறுநீர்ப்பையின் நரம்புகளைத் தளரச் செய்து, அடைப்பு இல்லாமலே சிறுநீர் தேங்கும் நிலையையும் உண்டாக்குகிறது.

மூன்றாவது, தண்டுவடக் காயம். பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னை ஏறுவோர் மரத்திலிருந்து விழுந்தும், நெடுஞ்சாலை விபத்துகளில் சிக்கியும் இடுப்புக்குக் கீழ் உணர்விழப்பவர்கள், பிழைத்த பின்னர் வாழ்நாள் முழுவதும் சிறுநீரைக் குழாயால் வடிக்க வேண்டியவர்களாகின்றனர். கல் நோயாளிக்குக் கருவி சில வாரங்களுக்குத் தேவை. இவர்களுக்கோ அது அன்றாடத் தேவை.

இவர்களுக்கான மருத்துவ வசதி படுகையில் சமமாகப் பரவவில்லை. மிராசுதார்களின் கொடையால் எழுந்து 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடைபெறும் இராசா மிராசுதார் மருத்துவமனையும், 1959இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், அதன் வளாகத்தில் 2019 ஜனவரியில் திறக்கப்பட்ட உயர்சிறப்புச் சிகிச்சைப் பிரிவும் தஞ்சாவூரில் உள்ளன. திருவாரூரில் 2010இலும் நாகப்பட்டினத்தில் 2022இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. 2020இல் தனி மாவட்டமான மயிலாடுதுறைக்கு அத்தகைய கல்லூரி இல்லை. வேதாரண்யத்துக்கு அப்பாலிருந்து தஞ்சாவூருக்கு வர ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலியும் அதனோடு போய்விடும். கருவியின் விலையில் சேராத இந்தச் செலவே பல வேளைகளில் சிகிச்சையின் முடிவைத் தீர்மானிக்கிறது.

வாங்குபவர் யார்

சாதாரணச் சந்தையில் பொருளைத் தேர்பவரும், பணம் தருபவரும், பயன்படுத்துபவரும் ஒருவரே. மருத்துவக் கருவிச் சந்தையில் இந்த மூன்றும் பிரிந்து நிற்கின்றன: தேர்பவர் மருத்துவர் அல்லது கொள்முதல் அலுவலர், பணம் தருபவர் அரசு அல்லது காப்பீடு, உடலில் சுமப்பவர் நோயாளி. படுகையில் இம்மூன்றும் மூன்று வழிகளில் இணைகின்றன.

முதலாவது, அரசு மருத்துவமனை வழி. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்குமான மருந்துகளையும் கருவிகளையும் ஒப்பந்தப்புள்ளி மூலம் ஒரே இடத்தில் வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியே மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைவதும், தரப் பரிசோதனைக்குப் பின்னரே பொருள் மருத்துவமனைக்குச் செல்வதும் இதன் சிறப்புகள். பிற மாநிலங்கள் இதனைப் பின்பற்றித் தம் கழகங்களை அமைத்துக்கொண்டன. ஒப்பந்தப்புள்ளியில் தகுதி பெற்றோருள் குறைந்த விலை கூறியவரே வெல்வார் என்பதால், தகுதி வரையறையில் என்ன எழுதப்படுகிறது என்பதே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குழாயின் அளவையும் பொருளையும் மட்டும் குறித்துவிட்டு, அதன் பலூன் சுருங்க மறுக்காமல் இருக்க வேண்டிய உறுதியையோ, உள்நோக்கி பழுதானால் எத்தனை நாளில் சீர்செய்து தரவேண்டும் என்பதையோ குறிக்காமல் விட்டால், அவற்றுக்கு விலையே இல்லை என்று சந்தை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, காப்பீட்டு வழி. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவரும் ஏற்பாட்டில், ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே குறித்த ஒரு தொகை மருத்துவமனைக்குத் தரப்படுகிறது. வழக்கில் இதனைப் ‘பேக்கேஜ்’ என்பர். மருத்துவர் ஊதியம், படுக்கை, மயக்க மருந்து, கருவித் தேய்மானம், ஸ்டென்ட் எல்லாம் அத்தொகைக்குள் அடங்க வேண்டும். ஏழைக் குடும்பத்துக்குக் கல் அறுவை எட்டும் பொருளானது இந்தத் திட்டத்தால்தான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தொகை நிலையாக இருக்கும்போது, உள்ளே அடங்கும் பொருளை மலிவாக்கினால் மிச்சம் மருத்துவமனைக்கு; ஒருமுறைக்கென்று வந்த கம்பியையும் இழையையும் மறுமுறை பயன்படுத்தத் தூண்டுவதும், தானே வெளியேறும் சிறு கல்லையும் அறுவைக்கு இழுக்கத் தூண்டுவதும் இதே கணக்குதான். தொகை நிலையாக இருக்கும் எந்த நாட்டிலும் இத்தூண்டுதல் உண்டு; கண்காணிப்பின் வலிமையே அதனை அடக்கும்.

மூன்றாவது, தனியார் மருத்துவமனையில் நோயாளி தன் கையிலிருந்து தருவது. இங்கே பொருளின் மேல் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கும், மருத்துவமனை அதனை வாங்கிய விலைக்கும் இடையே பெரும் பள்ளம் இருக்கக்கூடும். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018 பிப்ரவரியில் தில்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் ரசீதுகளை ஆராய்ந்து, சில மருந்துகளிலும் நுகர்பொருள்களிலும் இலாபம் 1,737 விழுக்காடு வரை சென்றதை வெளியிட்டது. தஞ்சாவூரின் கணக்கு தில்லியின் கணக்காக இருக்க வேண்டியதில்லை. ஆனால் விலைச்சீட்டைப் பார்த்துப் பேரம் பேசும் நிலையில் அறுவைக் கூடத்தில் கிடக்கும் நோயாளி எந்த ஊரிலும் இல்லை.

இரண்டு குழாய்கள்

பெரும் பொறிகளைக் காட்டிலும் மலிவான இரண்டு குழாய்களை அருகில் வைத்துப் பார்த்தால் இந்தச் சந்தையின் இயல்பு தெளிவாகும்.

முதலாவது ஃபோலி வடிகுழாய். சிறுநீர் அடைத்து வயிறு புடைத்து வரும் முதியவருக்கு முதலில் போடப்படுவது இதுவே. வீட்டார் சொல்வது ‘டியூப் போட்டிருக்கு’ என்று. அதன் தடிமன் பிரெஞ்சு அளவில் குறிக்கப்படும்; ஓர் அலகு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்பதால், பெரியவர்களுக்கு வழக்கமாகப் போடும் 16ஆம் எண் குழாய் ஏறத்தாழ 5.3 மில்லிமீட்டர் விட்டமுடையது. குழாய்க்குள் இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று சிறுநீர் வடிய, மற்றொன்று பலூனை நிரப்ப. பலூனைக் கிருமி நீக்கிய வெறும் நீரால் நிரப்ப வேண்டும். உப்புநீரால் நிரப்பினால் உப்பு படிந்து மெல்லிய வழி அடைபட்டு, எடுக்கும் நாளில் பலூன் சுருங்காமல் நின்றுவிடலாம். பால்மரச் சாற்றிலிருந்து வரும் லேடெக்ஸ் குழாயைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முழுச் சிலிக்கான் குழாய் ஏறத்தாழ மூன்று மாதம்வரை தாங்கும், விலையோ பல மடங்கு. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி குடியேறும் வாய்ப்பு மூன்று முதல் ஏழு விழுக்காடு வரை கூடிக்கொண்டே போகிறது என்பதால், ஒரு மாதம் குழாயோடு இருப்பவரின் சிறுநீரில் கிருமி இருப்பது ஏறத்தாழ உறுதி. வடியும் சிறுநீரைச் சேகரிக்கும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக்கூடாது என்ற இரண்டு விதிகளைக் கட்டிலில்லாமல் பாயில் படுக்கும் வீட்டில் கடைப்பிடிக்க வழியில்லை. பை தரையில் கிடக்கும், அல்லது படுத்தவரின் மட்டத்துக்கே வந்து நின்றுபோய்ச் சிறுநீர் பின்னோக்கிப் பாயும். சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் இக்குழாயின் உண்மையான செலவு, மாதந்தோறும் அதனை மாற்றத் தெரிந்த ஒரு செவிலியர் அருகில் இருப்பதில் அடங்கியிருக்கிறது.

தண்டுவடக் காயமுற்றவர்க்கு இதைவிட நல்ல வழி உண்டு. அமெரிக்க மருத்துவர் லேப்பிடஸ் 1972இல் பரப்பிய முறைப்படி, நாளுக்குச் சில முறை தாமே மெல்லிய குழாயை நுழைத்துச் சிறுநீரை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடலாம். உள்ளேயே தங்கும் குழாய் இல்லாததால் தொற்றும் கல்லும் குறைகின்றன. மேலை நாடுகளில் ஒவ்வொரு முறைக்கும் வழவழப்புப் பூச்சிட்ட புதுக்குழாய் பயன்படுகிறது. டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் போன்ற நிறுவனங்களின் வருவாயில் கணிசமான பங்கு அதிலிருந்து வருகிறது. நாளுக்கு ஐந்து குழாய் வீதம் வாங்கும் வசதி தென்னந்தோப்புக் கூலித் தொழிலாளிக்கு இல்லாததால், இங்கே சாதாரணக் குழாயையே கழுவி மீண்டும் பயன்படுத்துவது நடைமுறை. முறையாகக் கற்றுத்தந்தால் அதுவும் பயன் தரும். கற்றுத்தருவதற்கு மட்டும் சந்தையில் விலை இல்லை.

இரண்டாவது குழாய் டபுள்-ஜே ஸ்டென்ட். 1978இல் ஃபின்னி அறிமுகப்படுத்திய இக்குழாயின் இரு முனைகளும் ‘ஜே’ எழுத்தைப் போல வளைந்திருப்பதால், ஒருமுனை சிறுநீரகத்திலும் மறுமுனை சிறுநீர்ப்பையிலும் கொக்கி போல மாட்டிக்கொண்டு நழுவாமல் நிற்கும். லேசரால் கல்லை உடைத்தபின் சிறுநீர்க்குழாய் வீங்கி அடைத்துவிடாமல் இது காக்கிறது. சில வாரங்களில் எடுக்க வேண்டிய இதனை மாதக்கணக்கில் விட்டால், அதன்மேலேயே உப்பு படிந்து கல் வளர்கிறது. கல்லுக்குச் செய்த சிகிச்சையே கல்லுக்குக் கருவாகிறது. மறக்கப்பட்ட ஸ்டென்டை எடுக்க இரண்டு மூன்று அறுவைகள் தேவைப்படுவதும், சிறுநீரகத்தையே இழக்க நேர்வதும் உலகெங்குமுள்ள மருத்துவ இதழ்களில் பதிவான செய்திகள். மறப்பதற்குக் காரணம் நோயாளியின் அலட்சியம் மட்டுமன்று. கல் போயிற்று, வலி நின்றது, உள்ளே ஒரு குழாய் இருக்கும் செய்தி புரியாத ஆங்கிலத்தில் எழுதிய சீட்டில் மட்டுமே இருக்கிறது. அறுவடை முடிந்து போகலாம் என்று தள்ளிப்போட்ட நாள் தாளடி நடவுக்கும் தள்ளிப்போகிறது. விற்பனைக் கணக்கில் இந்த ஸ்டென்ட் வெற்றிகரமாக விற்ற ஒரு பொருள். உடலின் கணக்கில் அது இன்னும் அடைபடாத கடன்.

சட்டமும் விலையும் உற்பத்தியும்

மருத்துவக் கருவிகளுக்கென்று தனிவிதிகள் இந்தியாவில் 2017 ஜனவரியில் வெளியாகி, 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. ஆபத்தின் அளவைக் கொண்டு கருவிகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்த அவ்விதிகள், தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட சில கருவிகளுக்கே பொருந்தின. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் கண்ணில் மருந்துகளாயின. ஆபத்துக் குறைந்த இரு வகுப்புகளுக்கு 2022 அக்டோபரிலும், ஆபத்து மிகுந்த இரு வகுப்புகளுக்கு 2023 அக்டோபரிலும் உரிமம் கட்டாயமாயிற்று. அதற்கு முன்னர் பல ஆண்டுகள் மருத்துவக் கருவிச் சந்தையின் பெரும்பகுதி உரிமக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இயங்கிற்று என்பது இதன் மறுபக்கம்.

விலையில் இன்னொரு வேறுபாடு உண்டு. இதய இரத்தக்குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் உச்சவிலை வரம்பு விதிக்கப்பட்டு, மருந்து பூசிய ஸ்டென்டின் விலை ஏறத்தாழ ரூ.29,600 ஆக இறங்கியது. முழங்கால் மாற்று உறுப்புக்கும் அதே ஆண்டில் வரம்பு வந்தது. சிறுநீர்ப் பாதை ஸ்டென்டுக்கு அத்தகைய வரம்பு இல்லை. ஓராண்டில் விலையைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற பொதுக்கட்டுப்பாடு மட்டுமே உண்டு. முதல்நாள் எவ்வளவு உயர்ந்த விலையில் அச்சிட்டாலும் அது தொடக்கப் புள்ளியாகிவிடுவதால், இக்கட்டுப்பாடு நுகர்வோரைக் காக்கும் வேலி ஆகாது.

நாட்டின் மருத்துவக் கருவிச் சந்தை 2020இல் ஏறத்தாழ ரூ.90,000 கோடி என்று 2023இல் வெளியான தேசிய மருத்துவக் கருவிக் கொள்கை மதிப்பிட்டது. உள்நோக்கிகளும் லேசர்களும் பெரும்பாலும் ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ், ரிச்சர்ட் வுல்ஃப், ஜப்பானின் ஒலிம்பஸ் போன்ற நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. அண்மைக்காலமாகச் சீன நிறுவனங்களின் ஒருமுறை உள்நோக்கிகளும் வருகின்றன. வடிகுழாய், சிறுநீர் சேகரிக்கும் பை ஆகியவற்றை ஆக்ராவின் ரோம்சன்ஸ், ஹரியானாவின் பாலி மெடிக்யூர் முதலிய இந்திய நிறுவனங்களும் செய்கின்றன. தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைகிறது. இவ்வளவு இருந்தும் படுகையின் பங்கு நுகர்வதோடு நின்றுவிடுகிறது.

தொடரும் செலவுக்கு இடம்

வாங்கிய நாளுக்குப் பின்னும் தொடரும் செலவுக்கு இடம் வைக்கும் வழக்கம் இந்த மண்ணில் முன்னரே உண்டு. தஞ்சாவூரில் சுந்தர சோழர் பெயரால் அமைந்த ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனைக்குக் குந்தவை நிலம் விட்டதைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவச் சாலைக்கு மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகிய ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு நெல் என்றும், எந்தெந்த மருந்துகள் இருப்பில் இருக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. கட்டடம் எழுப்பியதைப் பேசுவதைவிட, ஆண்டுதோறும் யாருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதைப் பேசுவதிலேயே அந்தக் கல்வெட்டுக்கு அக்கறை மிகுதி. இன்றைய ஒப்பந்தப்புள்ளி வரையறைகளில் குறைவாகக் காணப்படுவது அந்த அக்கறைதான்.

அதனை நடைமுறைக்குக் கொண்டுவர நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, ஸ்டென்ட் பதிவேடு: ஸ்டென்ட் வைக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் வைத்த நாளையும் எடுக்க வேண்டிய நாளையும் நோயாளியின் கைப்பேசி எண்ணோடு பதிந்து, நாள் நெருங்கும்போது தமிழில் நினைவூட்ட வேண்டும், காப்பீட்டுத் தொகையின் ஒரு பகுதியை ஸ்டென்ட் எடுத்த சான்று வந்த பின்னரே விடுவித்தால், நினைவூட்டும் அக்கறை மருத்துவமனைக்குத் தானே வரும். இரண்டாவது, கொள்முதல் வரையறை: உள்நோக்கியின் விலையோடு ஐந்தாண்டுப் பராமரிப்பையும், பழுதுநாளில் மாற்றுக்கருவி தரும் பொறுப்பையும் சேர்த்தே விலை கூறச் செய்ய வேண்டும். வளையும் உள்நோக்கி மிக எளிதில் பழுதாகும் கருவி. அது பழுதாகிப் பெட்டிக்குள் கிடக்கும் மாதங்களில் மலிவாக வாங்கியதன் பயன் கரைந்துபோகிறது. மூன்றாவது, குழாய் மாற்றும் பணியை ஊருக்குக் கொண்டுசெல்லுதல்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும், வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளும் வீட்டுக்கே செல்கின்றன, வடிகுழாய் மாற்றுவதையும், தாமே வடித்துக்கொள்ளக் கற்பிப்பதையும் அதன் முறையான பணியாக்கினால், வேதாரண்யத்து முதியவர் மாதந்தோறும் தஞ்சாவூர் வர வேண்டியதில்லை. நான்காவது, பழுதுபார்க்கும் திறன்: தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, மருத்துவக் கருவி பராமரிப்பில் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்களை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடு இணைந்து உருவாக்கினால், படுகை நுகர்வதோடு நிற்காமல் தன் கருவிகளைத் தானே காக்கும் நிலையை அடையும்.

இவற்றுக்கெல்லாம் முன்னே செய்யத்தக்க ஒன்றும் உண்டு. நடவு நடக்கும் வயலருகே குடிநீரும், பெண்களுக்குக் கழிப்பிடமும் அமைவது எந்தச் சந்தை அறிக்கையிலும் இடம்பெறாது. ஆனால் கல்லையும் தொற்றையும் அதனளவு மலிவாகத் தடுக்கும் கருவி எதுவும் இதுவரை விற்பனைக்கு வரவில்லை. அதற்குப் பின்னும் நோய் வரும், கருவி வேண்டியிருக்கும். அந்தக் கருவிக்காகச் செலவிட்ட பணம் பயனுற்றதா என்பதை விற்ற எண்ணிக்கையால் அறிய இயலாது. வைத்த குழாய்களில் எத்தனை உரிய நாளில் எடுக்கப்பட்டன, வாங்கிய உள்நோக்கிகளில் எத்தனை இன்று வேலை செய்கின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கு ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையும் ஆண்டுக்கு ஒருமுறை பொதுவில் விடையளிக்கும் நிலை வந்தால், சந்தையும் அந்த விடைகளுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.